மாஸ்ட்ரோவின் கடைசிப் பாட்டில் நான் போட்ட அலைக்கோடு

ஒரு முதியவர் ஒன்றைக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும், விடு" என்று சொல்கிறார். அவருக்கு அது பிடித்துப்போனதா, அல்லது பக்கத்தில் இருப்பவளின் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாரா? அன்று தேவாலயத்தில் அவர் பக்கத்தில் இருந்தவள் நான். அவர் சொன்னதும் என்னிடம்தான். இருந்தும் எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

அவரை நான் மாஸ்ட்ரோ என்றே கூப்பிட்டேன். இத்தாலியில், பலேர்மோவில் இசைக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். சிம்பொனிகளும் நால்வர் வாசிக்கும் தந்திக் கருவி இசையும் கூட்டுப்பாடல்களுமாக வாழ்நாள் முழுவதும் மேல்நாட்டுச் செவ்வியல் இசை எழுதியவர். நான் அவர் வீட்டில் வேலைக்கு நின்றேன். சமைப்பது, கூட்டித் துடைப்பது, இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்குவது என் வேலை. பிறகு அவருக்குக் கண் மங்கியபோது, அவருடைய கடைசிப் படைப்பை அவர் பாடப் பாட எழுதியதும் நான்தான். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் பெருமையை மறைத்துவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் என்று நினைக்கிறேன்.

லிபெர்த்தா பகுதியில் அவருடைய வீடு. அவரின் காலஞ்சென்ற மனைவி பலேர்மோவைச் சேர்ந்த பியானோ ஆசிரியை. வீடு மனைவியின் குடும்பத்துச் சொத்து. ஞாயிறு பூசையில் பழக்கமான மன்னார் அக்கா ஒருவர்தான் அந்த வேலையைச் சொன்னார். "ஆங்கிலம் தெரிஞ்ச பிள்ளை வேணுமாம். கைக்குழந்தை இருந்தாலும் பறவாயில்லையாம். இப்பிடி வீடு இனிக் கிடைக்காது, நாளைக்கே போம்" என்றார். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. மற்ற வீடுகளில் பிள்ளையைக் கூட்டி வர விடமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான். அந்த ஆங்கிலத்தை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டே படியேறினேன்.

கீழே இருந்த வாயிற்காப்போன் மேலே பார்த்து, "சிங்களப் பெண் வந்திருக்கிறாள்" என்று இத்தாலியனில் கத்தினார். இலங்கையிலிருந்து வந்த எல்லோருக்கும் அந்த ஊரில் அதுதான் பெயர். கதவைத் திறந்த முதியவரிடம் நான் முதலில் கேட்டது, "நீங்கள் இங்கிலாந்துக்காரரா, சேர்?"

"இல்லை. நீ சிங்களமா?"

"இல்லை, தமிழ்."

"அப்படியானால் இந்தக் கட்டடத்தில் பிழையான பெயரோடு இரண்டு பேர் இருக்கிறோம்" என்றார். "உள்ளே வா. குழந்தை பிஸ்கட் சாப்பிடுமா?"

அவருடைய வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். நான் உடுப்பு மினுக்கும்போது எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு கதைப்பார். அப்பா சிலேட்டுக் கல் வெட்டும் மலையில் வேலை செய்தவர். எங்கள் பள்ளிக்கூடச் சிலேட்டும் அந்த மலையிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒருநாள் சொன்னேன். "இருக்கலாம். அதில் நீ பிழை எழுதியிருந்தால் அதற்கு என் அப்பா பொறுப்பில்லை" என்றார். வீட்டில் அவர்கள் பேசியது வேல்ஸ் மொழி. பள்ளிக்கூடத்தில்தான் ஆங்கிலம். மாலையில் வேலை முடிந்ததும் கல் வெட்டுகிறவர்கள் முகம் கழுவிக்கொண்டு ஜெப மண்டபத்துக்குப் பாட வருவார்களாம். ஐந்து கோடு போட்ட இசைத்தாளை அவர்களில் அநேகருக்கு வாசிக்கத் தெரியாது. சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கும். அதில் தோ, ரே, மீ என்று எழுத்துகள் மட்டும் இருக்கும். ஒருவர் நீண்ட தடியால் எழுத்துகளைத் தொட்டுக் காட்ட, நாலு குரலாகப் பிரிந்து பாடுவார்கள். மாஸ்ட்ரோ சின்னப் பிள்ளையாக அந்த அட்டைக்கு முன்னால் நின்றுதான் இசையைக் கற்றார்.

பிறகு லண்டனில் படிப்பு. போர் வந்தபோது சிப்பாயாக சிசிலியில் வந்து இறங்கினார். போர் முடிந்து திரும்பவும் வந்து, பியானோ ஆசிரியையைக் கல்யாணம் செய்து தன் நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கல்லூரியில் படிப்பித்துக்கொண்டே எழுதினார். யாழுக்காக ஒரு தொகுப்பு, சிறுவர்களுக்காக ஓர் இசைநாடகம், கல் வெட்டுபவர்களின் பாடற்குழுவுக்காக ஒரு பெரிய கூட்டுப்பாடல். அந்தக் கூட்டுப்பாடலை ஒரே ஒரு முறைதான் மேடையேற்றினார்களாம். மலை மூடப்பட்டதும் குழுவும் கலைந்துவிட்டது. "நான் எழுதியதில் நல்லது அதுதான். அதைக் கேட்டவர்கள் அரைவாசிப் பேருக்கு அப்போதே காது கேட்காது. வெடி வைத்து வைத்துப் போய்விட்டது" என்பார். ஓய்வு பெற்ற பிறகு இருவரும் மனைவியின் ஊருக்கே வந்துவிட்டார்கள்.

இசைத்தட்டுகளைப் போட்டுக்காட்டுவார். எது பிடித்தது என்று பரீட்சை மாதிரிக் கேட்பார். நான் நல்ல விடை எது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் உண்மையையே சொல்லிவிடுவேன். இரண்டாவது நால்வர் இசை பிடிக்கும் என்றேன். ஏன் என்றார். "ஒரு சேட்டு மினுக்கி முடிய அதுவும் முடியும்." அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தொலைபேசியில் யாரிடமோ சொல்வதும் கேட்டது.

எழுத்துகளால் இசை என்று அவர் சொன்னதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த சங்கீதம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் படித்தது. நான் பாடகி இல்லை. மகள் சாப்பிட அடம்பிடிப்பாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சுரம் சொல்லித் தீத்துவேன். ஸ என்றால் வாய் திறக்க வேண்டும், ரி என்றால் மெல்ல வேண்டும். ஒரு மத்தியானம் அப்படி த-வில் நின்றுகொண்டிருந்தபோது மாஸ்ட்ரோ குசினி வாசலுக்கு வந்தார்.

"அது என்ன?"

சொன்னேன். ஏழு எழுத்து. முதல் எழுத்து ஸ.

"ஸ எந்தக் கட்டை?"

"கட்டை ஒன்றும் இல்லை. பாடுகிறவருக்குத் தோதான இடத்தில் ஸ-வை வைப்போம். மற்றவை அதிலிருந்து வரும்."

அவர் குசினிக் கதிரையில் இருந்துவிட்டார். அவருடைய அட்டையிலும் அப்படித்தானாம். தோ எங்கேயும் இருக்கலாம். இத்தாலியர்களுக்கு அப்படியில்லை. தோ என்றால் பியானோவில் அதற்கென்று ஓர் இடம்தான். "இதற்காக என் மனைவியோடு கல்யாண நாளிலிருந்து சண்டை. நான் சொல்வது சரி என்று சொல்ல ஓர் ஆள் இப்போதுதான் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது" என்றார். "அவர் இல்லாத நேரம் பார்த்து" என்று நான் சொன்னேன். சொன்ன பிறகு பயம் வந்தது. ஆனால் அவர் என் மகளின் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்த வருடம் அவருடைய கண் கெட்டது. பார்வையின் நடுப்பகுதி போய், ஓரங்கள் மட்டும் மிஞ்சின. "உன் காது தெரிகிறது, முகம் தெரியவில்லை" என்பார். இசைத்தாளின் கோடுகள் ஒன்றும் தெரியவில்லை. அப்போது அவர் மனைவியின் நினைவாகப் பெண்கள் குழு பாடுவதற்கு ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தார். தந்திக் கருவிகள் சில, பெண் குரல்கள், கடைசிப் பகுதியில் சொற்களே இல்லாமல் 'ஆ' என்று மட்டும் ஒரு தனிக்குரல். தொடங்கிய இடத்தில் நின்றுவிட்டது. அவர் நோய்களைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. இது முடியாமல் போய்விடுமோ என்பதைத்தான் ஒவ்வொரு நாளும் கேட்டார். மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுப்பேன்.

இசைக் கல்லூரியில் படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து போவார். அந்தப் பெண்கள் குழுவை நடத்துபவரும் அவர்தான். வாரத்தில் ஒருநாள் வந்து எழுதினால் எப்போது முடியும்? அப்படியிருக்கும்போதுதான் மாஸ்ட்ரோ என்னைக் கேட்டார். "நான் எழுத்துகளைப் பாடுகிறேன். நீ உன் எழுத்துகளில் எழுது. சனிக்கிழமை நீ அவளுக்கு வாசித்தால் அவள் கோட்டில் போடுவாள்."

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்திருப்பார்.

"அப்ப பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போகேக்கை என்ன சொல்லப்போறீர்? வீட்டு வேலை எண்டோ, சங்கீத வேலை எண்டோ?"

"பகிடி விடாதேங்கோ. பிழையா எழுதிப்போட்டன் எண்டால்?"

"நான் கோப்பையை உடைச்சால் உடைஞ்சதுதான். உமக்கு அழிறப்பர் இருக்கு. எழுதுமப்பா."

எழுதினேன். காலையில் கூட்டித் துடைத்து முடித்ததும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இருப்போம். மகள் நிலத்தில் சிப்பி வடிவப் பாஸ்தாக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். அவர் கண்ணை மூடி, விரலால் மேசையில் தாளம் தட்டிக்கொண்டு, எழுத்துகளைப் பாடுவார். நான் தமிழில் ஸ ரி க ம என்று கட்டம் போட்ட தாளில் எழுதுவேன்.

"அம்மா, மாஸ்ட்ரோ தோர்மே செய்யிறாரோ?" என்று மகள் கேட்பாள். நித்திரை என்பதற்கு அவளுக்கு இத்தாலியன் சொல்தான் முதலில் வரும்.

"இல்லை, யோசிக்கிறார்."

"கண்ணை மூடிக்கொண்டோ?"

"ஓம். நீர் சத்தம் போடாதேயும்."

"அவளை விடு" என்பார் மாஸ்ட்ரோ, தமிழ் விளங்கியவர் போல.

முதற் சனிக்கிழமை பெரிய குழப்பம். நான் ஸ என்றதும் ஆசிரியை எல்லாவற்றையும் தன்னுடைய தோவில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மாஸ்ட்ரோ பியானோவில் ஒரு கட்டையைத் தட்டி, "தோ இன்று இங்கே குடியிருக்கிறது" என்று காட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அன்று ஸ எங்கே இருக்கிறது என்று எழுதிக்கொண்டோம். எனக்கு வேறொரு கஷ்டமும் இருந்தது. சோகமான இடங்களில் அவர் பாட்டை த-வில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அவர்கள் முறை அப்படி. எனக்கு ஸ-வுக்கு வந்து சேராமல் மூச்சு முட்டும். நானாக ஒரு ஸ போட்டுவிடக் கூடாதே என்று பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

வேலையில் அவர் இரக்கம் பார்க்கமாட்டார். ஒருநாள் நான் எழுதியதைத் திருப்பி வாசித்தபோது நடுவில் ஒரு சுரம் பிழை. திருத்துகிறேன் என்றேன். முழுப் பக்கத்தையும் கிழிக்கச் சொன்னார். "ஒரு கல் சரியில்லை என்றால் அதற்கு மேல் வைத்ததெல்லாம் சரியில்லை." நான் முகம் சிவந்து கிழித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் அதே பக்கத்தை முதலிலிருந்து பாடினார். முதல் நாளைவிட நன்றாக இருந்தது.

சாப்பாட்டில் அவர் வேறு ஆள். ஒருமுறை யோசனையில் மீன் குழம்புக்குத் தூளை இரண்டு தரம் போட்டுவிட்டேன். கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போடு என்றார். அந்தச் சனிக்கிழமை ஆசிரியை சொல்லித்தான் அவர் இரண்டு இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது தெரிந்தது. இந்த இரண்டு மாஸ்ட்ரோக்களில் எவர் அன்று தேவாலயத்தில் பேசினார் என்பதுதான் என் பிரச்சினை.

மாரிகாலத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. மற்றப் பகுதிகள் முடிந்துவிட்டன. கடைசிப் பகுதியைக் கட்டிலில் சாய்ந்தபடியே பாடினார். குரல் மெலிந்திருந்தது. நீண்ட சுரங்களில் அது நடுங்கியது. எல்லா நீண்ட சுரங்களிலும் இல்லை. கீழிருந்து ஏறிவந்து க-வில் நிற்கும்போதும், மேலிருந்து இறங்கி நி-யில் நிற்கும்போதும் அலையலையாக அசைந்தது. எங்கள் சங்கீதத்தில் அப்படி ஒரு சுரத்தை அசைத்துப் பாடுவது கமகம். அசையாத க எங்களுக்குப் பல ராகங்களில் க-வே இல்லை. சுரத்துக்கு மேலே அலை மாதிரி ஒரு கோடு போட்டு அதைக் காட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள். என் காது கேட்டது. கை கோட்டைப் போட்டது. வயதுபோன ஒருவருக்குச் சளியால் தொண்டை நடுங்குகிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. இவ்வளவு அழகாக அசைக்கிறாரே என்று வியந்துகொண்டே எழுதினேன்.

திருப்பி வாசிக்கும்போது நான் பாடுவதில்லை. கூச்சத்தில் எழுத்துகளை வெறுமனே சொல்வேன். ஆகவே அவருக்குத் தெரிய வழியில்லை. பியானோ அடுத்த அறையில் பூட்டிக் கிடந்தது. ஆசிரியை என் தாளைப் பார்த்தார். அவர்களுடைய எழுத்து முறையிலும் சுரத்தை அசைப்பதற்கு ஏறக்குறைய அதே மாதிரி ஓர் அலைக்கோடு உண்டாம். என்னிடம் ஒன்றும் கேட்காமல் அப்படியே போட்டுக்கொண்டார். இப்படி ஒரு கிழவரின் இருமல், தமிழ் வழியாக, இத்தாலியத் தாளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இளவேனில் தொடங்கியபோது அவர் எழுந்து நடமாடினார். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு தேவாலயத்தில் ஒத்திகை நடந்தது. வாடகைக் காரில் அவரைக் கூட்டிப்போய் முன் வரிசையில் இருத்தினேன். பக்கத்தில் நான், என் மடியில் மகள். முதற் பகுதிகளைக் கேட்டுக்கொண்டு விரலால் முழங்காலில் தட்டினார். நான் தமிழில் எழுதிய எழுத்துகள் இத்தனை பெண்களின் வாயிலிருந்து வருவதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடைசிப் பகுதி வந்தது. தனிக்குரல் பாடும் பெண் எழுந்து நின்று 'ஆ' என்று தொடங்கி ஏறி, க-வில் நின்று அசைத்தாள்.

மாஸ்ட்ரோவின் விரல் நின்றுவிட்டது.

அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. கட்டில், தலையணை, சளி, எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. ஆசிரியையும் அவர் முகத்தைக் கண்டு பாட்டை நிறுத்தினார்.

"அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது?" என்று மாஸ்ட்ரோ கேட்டார்.

"என்னிடமிருந்து" என்றேன். "உங்கள் குரல் அந்த இடத்தில் அசைந்தது. நீங்கள் வேண்டுமென்றே அசைப்பதாக நினைத்து எழுதிவிட்டேன். எங்கள் சங்கீதத்தில் அப்படி எழுதுவார்கள். பிழை என்னுடையது, மாஸ்ட்ரோ."

"என் குரல் நடுங்கியதா?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

"ஆடு கத்தினாலும்தான் குரல் நடுங்குகிறது" என்றார். பின்வரிசையில் ஆங்கிலம் தெரிந்த யாரோ சிரித்தார்கள்.

ஆசிரியை பென்சிலை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தார். "அழிப்பது ஒரு வேலையில்லை, மாஸ்ட்ரோ. தனிக்குரலில் மட்டும்தான் இருக்கிறது. இப்போதே அழித்துவிடலாம்."

அவர் கையை உயர்த்தி, இன்னொரு முறை பாடச் சொன்னார். அவள் பாடினாள். க-வில் அசைந்தது, நி-யில் அசைந்தது. என் மகள் அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. மாஸ்ட்ரோ என் பக்கம் திரும்பினார். ஓரப் பார்வை மட்டும் உள்ளவர், ஆகவே ஆளைப் பார்க்கத் தலையைச் சரித்துக்கொள்வார். அப்படிச் சரித்து என்னைப் பார்த்து, "இருக்கட்டும், விடு" என்றார்.

அவ்வளவுதான். திரும்பும்போது காரில், மத்தியானத்துக்கு என்ன சாப்பாடு என்று கேட்டார்.

முதல் அரங்கேற்றத்துக்கு எங்கள் ஆட்கள் பலர் வந்திருந்தார்கள். முன்னால் இடம் இருந்தும் பழக்கத்தில் பின் வரிசைகளில் போய் இருந்தார்கள். மன்னார் அக்கா மட்டும் கூறைச் சேலையோடு முன்னுக்கு வந்து, "நாங்கள் கண்டுபிடிச்ச வீடு" என்று பக்கத்து இத்தாலியப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் அன்று வேலைக்குப் போகாமல் இரவல் கோட்டோடு வந்திருந்தார். கடைசிப் பகுதி தொடங்கியபோது நான் மாஸ்ட்ரோவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். அந்த க வரும்போது முகம் சொல்லிவிடும் என்று நினைத்தேன். சரியாக அப்போது மகள் என் காதுக்குள், "அம்மா, பிப்பீ" என்றாள். எனக்குக் கணவரைத் தேட நேரமில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே கழிவறைக்கு ஓடினேன். அவளுக்கு உடுப்பைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, கதவுக்கு அப்பால் அந்தக் குரல் ஏறிப்போய் அசைவது கேட்டது. முகத்தை நான் பார்க்கவில்லை.

உள்ளே வந்தபோது கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை மாஸ்ட்ரோவை எழுப்பிவிட்டிருந்தார். அவர் கையை நீட்டித் தடவினார். என்னைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கைத்தடி விழுந்துவிட்டதாக்கும் என்று குனிந்து தேடினேன். கணவர்தான் முதுகில் தட்டி, "இஞ்சரும், உம்மைத்தான்" என்றார். மாஸ்ட்ரோ என் கையைப் பிடித்து உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி இத்தாலியனில், "இந்தப் பாட்டு முதலில் தமிழில்தான் எழுதப்பட்டது" என்றார். பின்வரிசையிலிருந்து வந்த கைதட்டலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இந்த ஊரில் எங்களை ஒருவர் சரியான பெயரால், ஒரு கூட்டத்துக்கு முன்னால் சொன்னது எனக்குத் தெரிய அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த மாரியில் அவர் இறந்துபோனார். மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். வாயிற்காப்போன் அழுதுகொண்டு, "எங்கள் இங்லேஸே போய்விட்டார்" என்றார். இங்லேஸே என்றால் இங்கிலாந்துக்காரர். என் மகள் அவரை நிமிர்ந்து பார்த்து, "நோ. கால்லேஸே" என்று திருத்தினாள். வேல்ஸ்காரர் என்று. எனக்கு அழுகைக்கு நடுவிலும் நெஞ்சு நிமிர்ந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மாஸ்ட்ரோவின் மருமகள் முறையான பெண் வேல்ஸிலிருந்து தொலைபேசி எடுத்தார். அந்தக் கடைசிப் படைப்பை அங்கே அச்சிடுகிறார்கள். அதைப் பதிப்பிக்கிறவர் மாஸ்ட்ரோவின் எல்லாப் படைப்புகளையும் பார்த்தவராம். இளமையிலிருந்து எழுதிய ஒன்றில்கூட அப்படி ஒரு நடுக்கக் கோடு இல்லையாம். நடுக்கம் பறவைகளுக்கு, மனிதர் நேராகப் பாட வேண்டும் என்று தன் மாணவர்களுக்குச் சொல்லுவாராம். ஆகவே கோடு அவருடைய விருப்பமா, எழுதியவரின் பிழையா என்று கேட்கிறார்கள். பிழை என்றால் எடுத்துவிட்டு நேராக அச்சிடுவார்கள். "நீங்கள் சொல்வதுதான் முடிவு. பக்கத்தில் இருந்தவர் நீங்கள் ஒருவர்தானே" என்றார் அந்தப் பெண். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நடந்தது முழுவதையும் சொன்னால் என்ன என்று கணவர் கேட்டார். சொல்லத்தான் போகிறேன். ஆனால் சொன்ன பிறகும் அவர்கள் திரும்பக் கேட்பது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதுதான்.

"அவர் இருக்கட்டும் எண்டுதானே சொன்னவர். பிறகென்ன?" என்றார் கணவர்.

"அவர் என்ரை குழம்பையும் நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னவர்."

"ஓம், அதுவும் உண்மைதான்" என்றார்.

ஆசிரியையிடம் கேட்டேன். அவர் தன் குழு எப்போதும் அசைத்தே பாடும் என்கிறார். ஆனால் அச்சில் என்ன வரவேண்டும் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார். ஒரு சுரத்துக்காக முழுப் பக்கத்தையும் கிழிக்கச் சொன்ன மனிதர், தனக்குப் பிடிக்காததைத் தன் மனைவியின் நினைவுப் பாட்டில் விட்டுவைப்பாரா? மாட்டார் என்றே ஒரு மனம் சொல்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் என்னைத் தலைகுனிய விடமாட்டார் என்று இன்னொரு மனம் சொல்கிறது. அந்தக் கோடு இருக்க வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை. அவருடைய படைப்புகளின் வரிசையில், அந்த மலையும் அந்த அட்டையும் இருக்கிற அதே இடத்தில், எங்கள் க ஒன்று அசைந்துகொண்டு இருக்கும். என் மகள் பெரியவளாகி அதைத் திறந்து பார்ப்பாள். இந்த ஆசையினாலேயே என்னுடைய தீர்ப்பை நான் நம்பாமல் இருக்கிறேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் பதில் சொல்ல வேண்டும். இதை வாசிப்பவர்களில் சங்கீதம் கற்றவர்கள் இருப்பீர்கள். வயதுபோனவர்களைப் பார்த்துப் பராமரித்து, அவர்கள் எப்போது மனதாரச் சொல்கிறார்கள், எப்போது எங்களுக்காகச் சொல்கிறார்கள் என்று பிரித்தறியத் தெரிந்தவர்களும் இருப்பீர்கள். கோடு இருக்கட்டும் என்று சொல்லட்டா, எடுக்கச் சொல்லட்டா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.